லேகியத்தால் சிபிலிஸ் குணமாகிவிட்டதா?

மேலே ஒரு அண்ணா சொல்லியிருப்பது: ஏற்காட்டில் வாங்கிய லேகியத்தை ஒரு மாதம் சாப்பிட்டதும் பிறப்புறுப்பில் இருந்த புண் ஆறிவிட்டது, அதனால் சிபிலிஸ் (உடலுறவில் பரவும் பால்வினை நோய்) குணமாகிவிட்டது. கீழே பல பேர் கடை எங்கே என்று கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

புண் ஆறியது நிஜமாகவே இருக்கும்ங்க அண்ணா. ஆனால் சிபிலிஸின் முதல் புண் எந்த மருந்தும் எடுக்காவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறிவிடும். பெரும்பாலும் வலியும் இருக்காது. கிருமி மட்டும் உடம்புக்குள்ளேயே இருக்கும். சில வாரமோ மாதமோ கழித்து உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பில்லாத தடிப்பு வரலாம். வேடிக்கை என்னவென்றால், அதுவும் தானாக மறையும். பல வருடம் கழித்து இதயம், மூளை வரை போகலாம்.

புண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல் ரத்தத்தைப் பாருங்கள். சிபிலிஸைக் கண்டறியும் விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர் ரத்தப் பரிசோதனையில் 1:32 (ரத்தத்தை 32 மடங்கு நீர்க்கச் செய்தாலும் நோயின் அடையாளம் தெரிகிறது என்று அர்த்தம்) என்று வந்தவருக்கு, பென்சிலின் ஊசிக்குப் பிறகு சில மாதங்களில் 1:8 அல்லது அதற்கும் கீழே இறங்க வேண்டும். லேகியம் சாப்பிட்டவரும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று ரிப்போர்ட் போடலாமே!

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் கேளுங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள், அவருக்கும் பரிசோதனை தேவை. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் அரசின் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097க்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது.