தோனி எப்போ இறங்குவார்?

(பெரியமேடு நேரு ஸ்டேடியம். சென்னையின் எஃப்சிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் கால்பந்து ஆட்டம். பி ஸ்டாண்டில் திரும்பிய பக்கமெல்லாம் நீலச் சட்டை. நடுவில் ஒரே ஒரு மஞ்சள் சட்டை, முதுகில் 7. இரண்டு பேரில் நான் நீலத்தின் பக்கம்தான். முன்பே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலை தவறிவிட்டேன் என்று சண்டைக்கு வரக் கூடாது.)

நீலம்: சார், நீங்கள் இடம் மாறி வந்துவிட்டீர்கள்.

மஞ்சள்: இல்லையே தம்பி. டிக்கெட்டில் பி ஸ்டாண்ட் என்றுதான் போட்டிருக்கிறது.

நீலம்: டிக்கெட் சரிதான். சட்டைதான் தப்பு. மஞ்சள் போட்டவர்களெல்லாம் அதோ அந்த மூலையில் இருக்கிறார்கள் பாருங்கள்.

மஞ்சள்: அடேயப்பா, எவ்வளவு கூட்டம்! நம்ம ஆட்கள்தானே?

நீலம்: கேரளாக்காரர்கள் சார்.

மஞ்சள்: பார்த்தாயா, தலைக்குக் கேரளாவிலும் எவ்வளவு ரசிகர்கள்!

நீலம்: சார், அவர்கள் எதிரணி. பிளாஸ்டர்ஸ் சட்டையும் மஞ்சள். உங்களைப் பார்த்து அரை மணி நேரமாகக் கை காட்டிக் கூப்பிடுகிறார்கள், கவனிக்கவில்லையா?

மஞ்சள்: நானும் பதிலுக்கு விசில் அடித்தேனே.

நீலம்: அதனால்தான் என் பின்னால் இருப்பவர்கள் உங்களை அப்படிப் பார்க்கிறார்கள்.

மஞ்சள்: அது போகட்டும். தோனி எப்போ இறங்குவார்?

நீலம்: இறங்க மாட்டார். அவர் ஓனர்களில் ஒருவர், அவ்வளவுதான். அபிஷேக் பச்சன், வீட்டா டானி, தோனி. 2014-ல் இந்த இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது ஆரம்பித்த அணி.

மஞ்சள்: தெரியும் தம்பி, அவர் எப்போதும் கடைசியில்தான் இறங்குவார்.

நீலம்: இதில் கடைசி நிமிடம் வந்தால் நாம்தான் இறங்க வேண்டும். படிக்கட்டில்.

மஞ்சள்: என்னை ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடாதே. ஆரம்பத்திலிருந்து சென்னை டீமை விடாமல் பார்ப்பவன். ஒரு வருஷம் சொந்த ஊரில் ஆட முடியாமல் புனேவுக்குப் போய் ஆடி, கப்பையும் அடித்தோமே! மறக்க முடியுமா?

நீலம்: (முகம் மலர்கிறது) சார்! அது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

மஞ்சள்: எப்படி மறக்கும்? ஊர் இருந்த நிலைமையில் இங்கே எப்படி ஆட்டம் நடத்த முடியும்?

நீலம்: அதானே. தண்ணீர் அப்படி.

மஞ்சள்: எல்லாம் தண்ணீரால் வந்ததுதான்.

நீலம்: எங்கள் வீட்டில் முழங்கால் வரைக்கும்.

மஞ்சள்: முழங்கால் வரைக்குமா? தண்ணீரே விடவில்லை என்றுதானே போராட்டம்?

நீலம்: விடவில்லையா? செம்பரம்பாக்கத்தில் ஒரேயடியாக விட்டதுதானே சார் பேச்சே!

மஞ்சள்: செம்பரம்பாக்கம் எங்கே வந்தது? நான் காவிரியைச் சொல்கிறேன்.

நீலம்: காவிரியில் வெள்ளம் வந்ததற்கா சென்னையில் ஆட்டம் நின்றது?

மஞ்சள்: யார் வெள்ளம் என்றது? 2018 காவிரிப் போராட்டம். சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச், மிச்சமெல்லாம் புனே.

நீலம்: நான் 2015 டிசம்பரைச் சொல்கிறேன். வெள்ளம். அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0.

மஞ்சள்: (கொஞ்சம் யோசித்து) ஆக, சென்னைக்கு எது வந்தாலும் புனேவுக்குத்தான் அனுப்புகிறார்கள்.

நீலம்: இது ஒன்றைத்தான் சரியாகச் சொன்னீர்கள்.

மஞ்சள்: சரி, 2018-லும் நாம் கப்பு வாங்கினோமே, அது உனக்குத் தெரியாதா?

நீலம்: தெரியாமலா? இரண்டாவது கப்பு அதுதானே. என்ன ஃபைனல் சார் அது!

மஞ்சள்: எங்கள் தெருவே தூங்கவில்லை.

நீலம்: நிஜமாகவா? எங்கள் தெருவில் நான் ஒருவன்தான் தூங்கவில்லை. முதலில் அவர்கள் அடித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

மஞ்சள்: நாம் சொல்லித்தானே அவர்கள் முதலில் அடித்தார்கள்?

நீலம்: நாம் சொன்னோமா?

மஞ்சள்: தல எப்போதும் அப்படித்தான். முதலில் அவர்கள் அடிக்கட்டும், அப்புறம் நாம் துரத்திப் பிடிக்கலாம் என்பார்.

நீலம்: ஒன்பதாவது நிமிடம் சேத்ரி அடித்தது நாம் சொல்லியா? சரி, தடுப்பு ஆட்டக்காரர்கள் கொஞ்சம் அசந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்புறம் ஒரே ஆள் இரண்டு அடித்தார் பாருங்கள். இரண்டுமே தலையால்.

மஞ்சள்: தலயாலா? தல அன்றைக்கு பேட்டே பிடிக்கவில்லையே!

நீலம்: பேட்டா?

மஞ்சள்: அடித்தது வாட்சன். இரண்டு இல்லை, 117.

நீலம்: 117 கோலா?

மஞ்சள்: ரன் தம்பி, ரன்!

நீலம்: சார்... நீங்கள் சொல்வது சிஎஸ்கே. மே மாதம். நான் சொல்வது மார்ச். பெங்களூரு, ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம். அந்த சீசனில் லீக்கில் முதலிடம் பிடித்த அணி, அவர்கள் மைதானம், அவர்கள் கூட்டம். மைல்சன் ஆல்வெஸ் என்று ஒரு பிரேசில்காரர், தடுப்பு ஆட்டக்காரர், இரண்டு கார்னரில் இரண்டு தலைமுட்டு. அப்புறம் ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3-2. அதே வருஷம், நம்ம சென்னைக்கு இரண்டு கப்பு. ஒன்றுக்குத் தெருவே தூங்கவில்லை. இன்னொன்றுக்குத் தெருவே எழுந்திருக்கவில்லை.

மஞ்சள்: மொத்தம் அஞ்சு கப்பு இல்லையா நமக்கு?

நீலம்: எங்களுக்கு இரண்டு.

மஞ்சள்: மிச்சம் மூன்றை யார் எடுத்துக்கொண்டது?

நீலம்: (பக்கத்து சீட்காரரிடம் தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடிக்கிறார்.)

மஞ்சள்: கோபப்படாதே. சரி, கால்பந்தே பேசுவோம். கீப்பர் தோனிதானே?

நீலம்: இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் அவர் கால்பந்து கோல்கீப்பர். அங்கேயிருந்துதான் விக்கெட்கீப்பராக இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஆள் சார் அவர். கூட்டிக்கொண்டு போனவர்கள் இதுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.

மஞ்சள்: அட! அப்போ இறங்கினால் நன்றாக ஆடுவார் என்கிறாய்.

நீலம்: இறங்க மாட்டார்!

மஞ்சள்: அப்போ ஆட்டம் சொல்லிக் கொடுப்பது யார்? கோச்சாவது தெரிந்த முகமா?

நீலம்: முதல் மூன்று சீசனுக்கு மாட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிதான் தலையால் முட்டினாரே, அந்த முட்டை வாங்கியவர்.

மஞ்சள்: ஓ, முட்டு வாங்கினவரா! அவர் வந்து கோச்சா? அதனால்தான் தலையால் முட்டியே கோல் அடித்திருக்கிறார்கள்.

நீலம்: அந்த ஃபைனல் ஜான் கிரிகரி காலத்தில் சார். மாட்டராஸி காலத்துக் கதை 2015, கோவா ஃபைனல். 87-வது நிமிடம் கோவா அடித்து 2-1. கோவாக்காரர்கள் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். 90-ல் அவர்கள் கீப்பரே பந்தைத் தன் வலைக்குள் தள்ளிவிட்டார். 2-2. மூச்சு விடுவதற்குள் மெண்டோசா இன்னொன்று. முடிந்தது.

மஞ்சள்: கடைசி ஓவரில் ஃபினிஷ்! இதைத்தான் தம்பி நானும் சொல்கிறேன். தல பாணி.

நீலம்: மெண்டோசா பாணி. கொலம்பியாக்காரர். அந்த சீசனில் 13 கோல், லீக்கிலேயே அதிகம். அவர் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு ஒருத்தராவது இந்தப் பக்கம் வந்து பார்த்ததில்லை. ஓனர் பெயர் போட்டுக்கொண்டு வந்தவர் நீங்கள்தான் முதல் ஆள்.

மஞ்சள்: 2014-ல் என்ன ஆயிற்று? ஆரம்ப வருஷம்.

நீலம்: லீக்கில் முதலிடம். எலானோ 8 கோல். அரையிறுதியில் யார் வந்தார்கள் தெரியுமா? (அந்த மூலையைக் காட்டி) இவர்கள். கொச்சியில் 3-0 வாங்கினோம். திரும்பி வந்து இங்கே 90 நிமிடத்தில் அந்த மூன்றையும் சமன் செய்தோம். கூடுதல் நேரம், 117-வது நிமிடம், பியர்சன் என்று ஒருத்தன் அடித்துவிட்டான்.

மஞ்சள்: 117! வாட்சன் ஸ்கோர்!

நீலம்: இந்த எண்ணைக் கேட்டு சந்தோஷப்படுகிற ஒரே சென்னைக்காரர் நீங்கள்தான். அப்போது இந்த மஞ்சள் அணிக்கு ஓனர்களில் ஒருவர் யார் தெரியுமா? டெண்டுல்கர்.

மஞ்சள்: இரு, இரு. சச்சின் மஞ்சள், தோனி நீலமா?

நீலம்: ஆமாம்.

மஞ்சள்: என்ன தம்பி இது, தலைகீழாக இருக்கிறது?

நீலம்: உங்களுக்கு. எங்களுக்கு நேராகத்தான் இருக்கிறது. அவர் 2018-ல் பங்கை விற்றுவிட்டுப் போய்விட்டார். மஞ்சள்காரர்கள் கூட்டம் குறையவில்லை, பார்த்தீர்களா? ஆளைப் பார்த்து வந்த கூட்டமில்லை அது, அணியைப் பார்த்து வந்த கூட்டம். எதிரணிதான், இருந்தாலும் சொல்கிறேன்.

(இதைச் சொல்லிவிட்டு நீலம் சுற்றிலும் பார்த்துக்கொள்கிறார், யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று.)

மஞ்சள்: கப்பு வாங்கிய அடுத்த வருஷம்?

நீலம்: அடுத்த கேள்வி கேளுங்கள்.

மஞ்சள்: சொல்லு தம்பி.

நீலம்: கடைசி இடம். 18 ஆட்டத்தில் 9 புள்ளி. பத்து அணியில் பத்தாவது. அதே சீசனில் இன்னொரு பக்கம், ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் சென்னை சிட்டி என்று ஒரு அணி சாம்பியன் ஆனது. அதற்காவது சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், அவர்கள் ஆடியது கோயம்புத்தூரில்.

மஞ்சள்: சென்னை சிட்டி, கோயம்புத்தூரிலா?

நீலம்: நேரு ஸ்டேடியம்தான். கோவை நேரு ஸ்டேடியம்.

மஞ்சள்: அப்போ சென்னையில் ஆடிய சென்னை கடைசி. கோவையில் ஆடிய சென்னை முதல்.

நீலம்: அதே 2019-ல் ஏஎஃப்சி கோப்பைக்குப் போனோம். ஆசியப் போட்டி. சொந்த மைதானம் என்று எங்கே ஆடினோம், சொல்லுங்கள் பார்ப்போம்.

மஞ்சள்: புனே.

நீலம்: அகமதாபாத்.

மஞ்சள்: நம்ம ஊர் அணி நம்ம ஊரில் எப்போதான் ஆடும்?

நீலம்: இன்றைக்கு. நீங்கள் எதிரணிச் சட்டையோடு வந்திருக்கிறீர்கள்.

மஞ்சள்: சரி, டீமில் நம்ம ஊர்ப் பையன்கள் யாராவது உண்டா? இல்லை, எல்லாம் பிரேசில், கொலம்பியாதானா?

நீலம்: இதைக் கேட்டீர்களே, நல்லவேளை. 2018-ல் கப்பு வாங்கிய அணியில் தன்பால் கணேஷ் இருந்தார். வியாசர்பாடி. இங்கேயிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பக்கம் காலையில் போய்ப் பாருங்கள், கிடைத்த இடத்தில் பந்து உருண்டுகொண்டிருக்கும். அங்கேயிருந்து வந்து ஒருத்தர் இந்தியாவுக்கே சாம்பியனான அணியில் நடுக்களத்தில் ஆடியிருக்கிறார். அவர் உங்கள் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்தால் தெரியுமா?

மஞ்சள்: தெரியாதுதான்.

நீலம்: ராஞ்சியில் தோனி எத்தனை நாய் வளர்க்கிறார், எத்தனை பைக் வைத்திருக்கிறார்?

மஞ்சள்: நாய்கள் பெயரோடு சொல்லட்டுமா?

நீலம்: வேண்டாம்.

மஞ்சள்: ஒரு நாய் பெயர் மட்டும்...

நீலம்: வேண்டாம் சார்.

(கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. ஆட்டக்காரர்கள் பயிற்சி முடித்து உள்ளே போகிறார்கள். மஞ்சள் எழுந்து நின்று ஒவ்வொரு முகமாகத் தேடுகிறார். யாரைத் தேடுகிறார் என்று எழுதி இடத்தை வீணாக்கவில்லை.)

மஞ்சள்: அந்த இரண்டு கப்புக்கு அப்புறம் ஃபைனலுக்கே போகவில்லையா?

நீலம்: போனோம். 2020 மார்ச். பாதி சீசன் வரை தேற மாட்டோம் என்று இருந்தது. ஓவன் கோய்ல் கோச்சாக வந்து தூக்கி நிறுத்தினார். வால்ஸ்கிஸ் 15 கோல். கோவாவில் ஃபைனல், ஸ்டேடியத்தில் ஒரு ரசிகர் கூட இல்லை.

மஞ்சள்: ஒருத்தர் கூடவா? அவ்வளவு மோசமா நம்ம ஜனங்கள்?

நீலம்: கொரோனா சார். யாரையும் விடவில்லை. யாரும் வராததற்கு அன்றைக்காவது ஒரு காரணம் இருந்தது.

மஞ்சள்: ஜெயித்தோமா?

நீலம்: கொல்கத்தாவின் ஏடிகே 3, நாம் 1.

மஞ்சள்: (நீலம் "நாம்" என்றதைக் கவனித்து, உரிமையோடு தோளில் கை போடுகிறார்) பரவாயில்லை விடு. இந்தா, உன் துண்டு இன்னொன்று இருந்தால் கொடு, சட்டையை மறைத்துக்கொள்கிறேன்.

நீலம்: இது ஸ்கார்ஃப் சார். (கொடுக்கிறார்) இப்படி, முதுகில் 7 தெரியாமல் போர்த்திக்கொள்ளுங்கள். இப்போது சரி.

மஞ்சள்: இப்போது நானும் உங்கள் ஆள். அதனால் உரிமையாக ஒன்று கேட்கிறேன். தப்பாக நினைக்கக் கூடாது.

நீலம்: தோனி இறங்க மாட்டார்.

மஞ்சள்: அது இல்லை. 2018-ல் இரண்டு பேருமே கப்பு வாங்கினோம், ஒப்புக்கொண்டேன். அதற்கு அப்புறம் நாங்கள் 2021 ஒன்று, 2023 ஒன்று. நீங்கள்?

நீலம்: ...

மஞ்சள்: இல்லை, சும்மா கணக்குக்குத்தான் கேட்டேன்.

நீலம்: சார், அந்த ஸ்கார்ஃபைத் திருப்பிக் கொடுங்கள்.