ஒரு நாவல் முடியட்டும், அடுத்ததைப் பிறகு பார்க்கலாம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களிலிருந்து எழுத வரும் தம்பி தங்கைகளுக்கு இது. “மூணு நாவல் ஓடிக்கிட்டு இருக்கு” என்பது ஒரு பெருமையாகிவிட்டது. பெரும்பாலும் மூன்றும் ஐந்தாம் அத்தியாயத்தில்தான் படுத்திருக்கும்.

கணக்குப் போடுங்கள். வேலை முடிந்து வந்து நாளுக்கு 300 சொல், வாரம் 5 நாள். 60,000 சொல் நாவலுக்கு 40 வாரம். மூன்று நாவலை மாற்றி மாற்றி எழுதினாலும் 120 வாரம், வரிசையாக எழுதினாலும் அதே 120தான். ஆனால் வரிசையாக எழுதுகிறவர் கையில் 40ஆம் வாரமே ஒரு முழுக் கைப்பிரதி இருக்கும். படித்தவர்கள் சொல்லும் குறை அடுத்ததற்கு உதவும். மற்றவர் அதே கோளாறை மூன்றிலும் வளர்த்துக்கொண்டிருப்பார். போதாததற்கு, பல வாரம் தொடாத அத்தியாயத்தில் திரும்ப நுழையப் பழையதைப் படிக்கவே இரண்டு இரவு போகும்.

நம் பக்கம் பலரும் தொடங்குவது இரண்டு கதை: சயாம் மரண ரயில் (இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் நம் ஆட்களையும் கொண்டுபோய்ப் போடவைத்த சயாம்-பர்மா ரயில் பாதை), அல்லது ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட காலம். இரண்டையும் சேர்த்து எழுதிப் பாருங்கள், கடிகாரமே காட்டிக்கொடுக்கும். ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவின் கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டது. சூரியன் எழவே எட்டு மணி தாண்டும். இன்றைய நேரம் 1982 ஜனவரி 1இல் வந்தது. இதில் ஏழு மணியை ஒட்டி விடியும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என எழுதும் கை, 1943 பெரட்டுக் காட்சியில் (காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடம்) கூசாமல் “ஏழு மணி, பொழுது புலர்ந்தது” என்று போட்டுவிடும். பேச்சும் அப்படித்தான். தாத்தா காலத்துத் தண்டல் (ஆட்களை வேலை வாங்குகிறவர்), பேரன் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்.

ஒரு நாவலை விட்டு இன்னொன்றுக்குத் தாவல் வருவது 10,000 முதல் 12,000 சொல்லுக்குள். ஆட்கள் எல்லாரும் அறிமுகமாகி, லயமும் (தோட்டத்து வரிசை வீடுகள்) கோயிலும் கள்ளுக்கடையும் விவரித்து முடிந்து, இனி ஏதாவது நடந்தாக வேண்டும் என்ற இடம் அது. புதுக் கதை அப்போது அழகாகத் தெரிவதற்குக் காரணம், அதை இன்னும் எழுதிக் கெடுக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஒரு நோட்டுப்புத்தகத்தில் மூன்றே வரி கொடுங்கள்: யார், எங்கே, என்ன சிக்கல். நான்காவது வரி எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். பிறகு நின்ற அத்தியாயத்துக்கு வந்து, நாயகனுக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கோளாறு அங்கேதான். தகவல் தெரியாமல் நின்றால், “கிராணியிடம் (தோட்டத்து எழுத்தர்) கேட்க” என்று சிவப்பில் குறித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போங்கள்.

கவிதை, ஞாயிறு பதிப்புக்கு ஒரு கட்டுரை, இவற்றால் கெடுதல் இல்லை. ஒரே உட்காரலில் முடிகிற வேலை நாவலைக் கலைக்காது.

போட்டி அறிவிப்புதான் தொல்லை. சிறுகதை அனுப்பியே ஆக வேண்டுமென்றால் அத்தியாயம் முடிகிற இடத்தில் நாவலை நிறுத்துங்கள், நடுவில் வேண்டாம். நிறுத்துமுன் ஒரு பக்கம் எழுதிவையுங்கள்: எல்லாருடைய பெயர், வயது, கதை நடக்கும் ஆண்டு, அவிழாத முடிச்சுகள், அடுத்த காட்சியின் முதல் வரி. இதைவிட நல்ல சமயம், முதல் வரைவு முடிந்தபின். அதை எப்படியும் ஒரு மாதமாவது கண்ணில் படாமல் பூட்டிவைக்க வேண்டும். சிறுகதையை அந்த இடைவெளியில் எழுதலாம்.