நான்கு நாள் ஊரடங்கும் ஒரு நாள் நெரிசலும்

கூட்டம் கூடாதீர்கள் என்று வாய் ஓயாமல் சொல்லிவிட்டு, கூட்டம் கூடியே தீரும்படி அறிவிப்பு வெளியிடும் வித்தையை 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், தமிழக அரசிடம் கண்டோம். சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை மளிகைக் கடைகூடத் திறக்காத முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள்; நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள். வீட்டில் பச்சைக்குழந்தையும் சர்க்கரை நோயாளியும் இருப்பவர்கள் அன்று கடைக்கு ஓடாமல் வேறென்ன செய்வார்கள்? இடைவெளிக்காகக் கடைவாசலில் சுண்ணாம்பால் போட்டிருந்த வட்டங்கள், ஒரே வட்டத்தில் நான்கு பேர் பையோடு நின்றதால், கண்ணுக்கே தெரியவில்லை. சென்னையின் கோயம்பேடு காய்கறிச் சந்தையிலும் அன்று கால் வைக்க இடமில்லை.

இதில் எரிச்சலூட்டுவது, மக்களுக்குப் பொறுப்பில்லை என்று பிறகு கிடைத்த வசவுதான். அடித்துப் பிடித்து வாங்கியவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பயத்தை மூட்டிவிட்டு, பயந்தவனைத் திட்டுவது என்ன நியாயம்? அந்தச் சந்தையிலிருந்து விழுப்புரம், கடலூர், அரியலூர் வரை தொற்று போன பிறகு, மே 5ஆம் தேதி அதை மூடினார்கள். திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைக்க அதன் பிறகுதான் நேரம் கிடைத்தது. அதே வேலையை ஏப்ரல் தொடக்கத்திலேயே செய்திருந்தால் யார் கையைப் பிடித்திருப்பார்கள்?