பிடிப்பு குறையவில்லை, சரி. மீன் குறையவில்லையா?

படகு ஒரு நாளைக்குப் பிடிக்கும் அளவு பல வருடமாக மாறவில்லை, ஆகவே மீன்வளமும் குறையவில்லை என்கிறது கட்டுரை. இந்த முடிவுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கூட்டமாகத் திரியும் மீன் எண்ணிக்கையில் பாதியாகிப்போனாலும் கூட்டம் சேர்வதை விடாது. கடலில் கூட்டங்கள்தான் குறையும். எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி நீருக்கடியில் மீன்கூட்டத்தைக் காட்டும் கருவி) வைத்திருப்பவர் கடலெல்லாம் அலைவதில்லை, மிச்சமிருக்கும் கூட்டத்தின் தலைக்கு மேலேயே போய் வலையை இறக்குவார். வலையும் பழையபடி கனத்துத்தான் வரும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீனுக்கு நடந்தது இதுதான். 1980களில் இழுவைக் கப்பல்களின் பிடிப்பு விகிதம் தெம்பாகவே இருந்தது, ஆய்வுக் கப்பலின் சர்வே அந்த அளவுக்கு நம்பிக்கை தரவில்லை. இழுவைக் கப்பல்களின் கணக்குக்கு அதிக எடை கொடுத்ததில் மீன்வளம் மிகையாக மதிப்பிடப்பட்டது. 1992 ஜூலையில் அங்கே காட் பிடிப்பதையே அரசு நிறுத்தியது; ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது.

அப்புறம், 'ஒரு நாள்' என்பதும் அன்றும் இன்றும் ஒன்றல்ல. இன்ஜின் பெரிதாகியிருக்கும், வலை நீண்டிருக்கும், நல்ல இடங்கள் ஜிபிஎஸ்ஸில் பதிந்திருக்கும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் மாறாத பிடிப்பு என்பதே சரிவாக இருக்கலாம்.

கட்டுரையாளரிடம் ஒன்று கேட்க வேண்டும். வெறும் வலையோடு திரும்பிய நாட்களும் இந்தக் கணக்கில் இருக்கின்றனவா? அவற்றை விட்டுவிட்டால் சராசரி தானாகவே உயர்ந்துவிடும். வலை தண்ணீரில் கிடந்த மணிக்கணக்கையும் தயவுசெய்து வெளியிடுங்கள்.