பாரதியார் யானை மிதித்தா இறந்தார்?

"திருவல்லிக்கேணி கோயில் யானை மிதித்து மகாகவி அங்கேயே உயிர்விட்டார்" என்றொரு வாட்ஸ்அப் பதிவு செப்டம்பர் வந்தாலே சுற்றத் தொடங்கிவிடும். இது தவறு.

யானை தாக்கியது உண்மைதான். பார்த்தசாரதி கோயில் யானைக்குத் தேங்காய், பழம் கொடுப்பது பாரதியின் வழக்கம். ஒருநாள் மதம் பிடித்திருந்த யானையின் அருகே போனார். அது துதிக்கையால் தள்ள, அதன் கால்களுக்கு இடையே விழுந்தார். மிதிக்கவில்லை. அவருடைய நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்து உள்ளே புகுந்து தூக்கி வந்தார். ஒரு மதயானையின் காலடிக்குள் புகுந்தவரின் துணிச்சலை இந்தப் பதிவுகள் ஒரு வரிகூடச் சொல்வதில்லை!

யானைமேல் பாரதிக்குக் கோபமே இல்லை. ஆள் தெரியாமல் தள்ளிவிட்டது, அன்பு இருந்ததால்தான் மறுபடி தாக்கவில்லை என்ற பொருளில் அவர் பேசியதாகக் குடும்பத்தாரின் நினைவுக்குறிப்பு சொல்கிறது. காக்கையையும் குருவியையும் தன் ஜாதி என்று பாடியவர் வேறெப்படிப் பேசுவார்?

காயம் ஆறியது. சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குத் திரும்பினார். 1921 ஜூலை இறுதியில் ஈரோடு கருங்கல்பாளையம் போய், மனிதனுக்கு மரணமில்லை என்ற தலைப்பில் பேசினார். யானை மிதித்து இறந்தவர் ஈரோட்டில் எப்படிப் பேச முடியும்?

அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. யானைச் சம்பவம் நடந்து மாதங்கள் கழித்து, 1921 செப்டம்பர் 11 நள்ளிரவைத் தாண்டி, திருவல்லிக்கேணி வீட்டில் காலமானார். அப்போது அவருக்கு 39 வயது நிறையவில்லை.