ஐந்தாம் மாதத்தில்தான் உறுப்புகள் உருவாகின்றனவா?

கம்பத்திலிருந்து குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “ஐந்தாம் மாதம் வரை கரு வெறும் ரத்தக்கட்டி. அப்புறம்தான் உறுப்புகள் வரும். அதுவரை ஃபோலிக் அமில மாத்திரை வேண்டாம்.” இது தவறு. என் தங்கையும் இதை நம்பி மாத்திரை அட்டையைப் பிரிக்காமலே வைத்திருந்தாள்.

கருவுற்ற மூன்றாவது வாரத்திலேயே கரு மூன்று அடுக்காகிவிடுகிறது. நடு அடுக்கிலிருந்து இதயம், எலும்பு, தசை, சிறுநீரகம் வருகின்றன. உள் அடுக்கிலிருந்து குடல், நுரையீரலின் உட்பரப்பு. வெளி அடுக்குதான் மேல்தோலும் மூளையும் தண்டுவடமும். வெளி அடுக்கின் நடுப்பகுதி முதலில் தட்டையான தகடு. வெற்றிலையை மடிப்பதுபோல இரு ஓரமும் எழும்பி ஒட்டிக் குழாயாகிறது. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் அந்தக் குழாய் கருவுற்று சுமார் 28 நாளுக்குள் மூடவேண்டும். மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டில் பிளவோடு பிறக்கலாம். நாள் தள்ளிப்போவது தெரியும்போதே அதில் பாதி நாள் கழிந்திருக்கும்.

குழாய் சரியாக மூட உதவும் வைட்டமின்தான் ஃபோலிக் அமிலம். அதனால்தான் கருத்தரிக்க முயலும்போதே தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் கரு அடுக்குகளைப் பார்க்கலாம். மாத்திரை பற்றி கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இதைச் சொல்லுங்கள்.