தாய்லாந்தில் கஞ்சா புகைத்தால் சிங்கப்பூரில் குற்றமில்லையா? உண்மை விளக்கம்

"தாய்லாந்தில் கஞ்சாவுக்கு அனுமதி உண்டு, அங்கே புகைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் இங்கே யாரும் கேட்க முடியாது, யாருக்கும் தீங்குமில்லை" என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல் தவறானது.

சிங்கப்பூரின் போதைப்பொருள் துஷ்பிரயோகச் சட்டத்தின் 8ஏ பிரிவின்படி, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் அதை உள்நாட்டில் உட்கொண்டதாகவே கருதி வழக்குத் தொடரலாம். புகைத்தாலும், கஞ்சா கலந்த கேக்கையோ ஜெல்லி மிட்டாயையோ தின்றாலும் சட்டத்தின் பார்வையில் ஒன்றுதான். தண்டனை 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும். சோதனைச் சாவடியில் உமிழ்நீர்ச் சோதனை செய்யப்படலாம். தலைமுடியோ பல மாதங்களுக்கு முந்தைய பயன்பாட்டையும் காட்டிக்கொடுக்கும். அந்த மிட்டாயில் ஒரு பொட்டலத்தை நண்பருக்கென்று பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால், அது இறக்குமதி என்னும் இன்னும் கடுமையான குற்றமாகிவிடும்.

தாய்லாந்தும் 2022 ஜூனில் தளர்த்திய விதிகளை 2025 ஜூனில் மீண்டும் இறுக்கி, மருத்துவரின் பரிந்துரைச் சீட்டைக் கட்டாயமாக்கியது.

கேளிக்கைக்காகக் கஞ்சா பயன்படுத்துவது ஒழுக்கக்கேடா, தனிமனித உரிமையா என்று நேர்மையாக வாதிடலாம். சிங்கப்பூர்ச் சட்டம் மிகக் கடுமையானது என்று கருதுவோரும் அதை வெளிப்படையாகவே சொல்லலாம். ஆனால், தேசிய சேவையை முடித்துவிட்டு முதன்முறை நண்பர்களோடு பேங்காக் செல்லும் இளையரிடம் "ஆபத்தில்லை" என்று சொல்வது அந்த வாதத்தில் சேராது. அதற்கான விலையைக் கொடுக்கப்போவது தகவலை அனுப்பியவர் அல்லர், அதை நம்பியவரும் அவர் குடும்பமும்தான்.